சின்ன பஸ் விடுவதற்கு முன்: வண்டி ஒதுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

உள்ளூர் வழித்தடங்களுக்கு வண்டியும் நேரமும் ஒதுக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மதியம் இரண்டு மணிக்கு 40 சீட்டு வண்டியில் ஐந்து பேர் போவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். "இதுக்கு ஒரு வேன் போதாதா?" என்று கேட்காத ஆளில்லை. நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டுப் பெரிய வண்டியை எடுத்துவிட்டு, அதே நேரத்துக்கு அதே ஒரு டிரிப்பாகச் சின்ன வண்டியை விட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

சின்ன வண்டி வேண்டும். எதற்கு என்பதில்தான் பேச்சு.

டீசல் செலவு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, சம்பளச் செலவு தெரிவதில்லை. வண்டி 12 மீட்டரோ 7 மீட்டரோ, ஓட்டுநர் ஒருவர்தான். பல இடங்களில் பஸ் ஓட்டும் செலவில் பெரிய பங்கே ஊழியர் சம்பளம். ஆக, வண்டி பாதியானால் செலவும் பாதியாகும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். இன்னொன்று, அதே தடத்தில் காலை எட்டரைக்குப் படிக்கட்டில் தொங்குகிறார்கள். அதற்குப் பெரிய வண்டி எப்படியும் வாங்கியாக வேண்டும். மதியம் அதை டெப்போவில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தால் ஒரு தடத்துக்கு இரண்டு வண்டி வாங்கின கதைதான். மாற்றிக்கொள்ள டெப்போவுக்குப் போய்வரும் காலி ஓட்டம் தனி.

சின்ன வண்டியால் கிடைக்கவேண்டியது அடுத்தடுத்த டிரிப். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டி என்றால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக அரை மணி நிற்கிறார். 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் பத்து நிமிடம். பயணியின் இந்தக் காத்திருப்பு உங்கள் செலவுக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வராது. அதையும் சேர்த்துக் கணக்கிட்ட சுவீடன் பொருளியலாளர் யான்சன், வழக்கத்தில் இருப்பதைவிடச் சிறிய வண்டிகள் அடிக்கடி ஓடுவதே மேல் என்று 1980-லேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் 1984-ல் பெரிய பஸ்களுக்குப் பதிலாக 16 இருக்கை வண்டிகளை அடிக்கடி ஓட்டியபோது பயணிகள் கூடினார்கள். பின்னாளில் அந்த நாட்டிலேயே அந்தக் குட்டி வண்டிகள் பல, சற்றே பெரியவற்றுக்கு இடம் விட்டன. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கூடுதல் டிரிப் சும்மா வராது, ஓட்டுநர் வேண்டும். ஆகவே எல்லாத் தடத்திலும் கேட்கவில்லை. காலை நெரிசலே ஒரு சின்ன வண்டிக்குள் அடங்கிவிடும் தடங்கள் இருக்கின்றன. பெரிய வண்டி திரும்ப முடியாத தெருக்கள் இருக்கின்றன. அங்கே தொடங்குங்கள். சாலைக்கும் நல்லது: அச்சின் மேல் ஏறும் எடை பாதியானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. ஆனால் உயரமான படி வைத்த வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிடாதீர்கள். மதிய வண்டியில் வருபவர்களில் முதியவர்கள் அதிகம்.

எப்படி எண்ணுகிறீர்கள் என்பதும் முக்கியம். கடைசி நிறுத்தத்தில் நின்று பார்த்தால் எந்த வண்டியும் காலிதான். நாள் சராசரியும் பொய் சொல்லும். எந்த இரு நிறுத்தங்களுக்கு நடுவே, எந்தத் திசையில், எத்தனை மணிக்குக் கூட்டம் உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். காலையில் நிரம்பிப் போன வண்டி திரும்பும்போது காலியாகத்தான் வரும், அது யார் குற்றமும் இல்லை. ஏற முடியாமல் நின்றுவிட்டவர் டிக்கெட் மெஷினில் பதிவாக மாட்டார். நேரம் சரிப்படாமல் போன வருடமே இருசக்கர வண்டி வாங்கிக்கொண்டவரும் அதில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. முன் வண்டி பிதுங்க, பின்னாலேயே வரும் வண்டி காலியாக இருந்தால் அதைப் பார்த்து அளவைக் குறைக்காதீர்கள். தாமதமான வண்டிக்கு நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் சேரும், ஏற்றி இறக்க நேரமாகும், இன்னும் தாமதமாகும். பின் வண்டி ஆளில்லாமல் வந்து அதைப் பிடித்துவிடும். இடைவெளியைச் சரிசெய்தால்தான் இது தீரும். சின்ன வண்டி போட்டால் முன் வண்டியில் கதவு மூடாது.

நான் கேட்பது இது. ஒரு தடத்தை எடுங்கள். டிரிப் வாரியாக, நிறுத்தம் வாரியாக ஏறி இறங்குவோர் எண்ணிக்கையை வெளியிடுங்கள். பிறகு சின்ன வண்டிகளை இரட்டிப்பு டிரிப்பில் ஆறு மாதமாவது ஓட்டுங்கள். ஒரே மாதத்தில் "கலெக்ஷன் இல்லை" என்று நிறுத்திவிட வேண்டாம். புதிய நேரத்தை நம்பிச் சொந்த வண்டியை வீட்டில் விட்டுவர ஆட்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

இப்படிக்கு,
மதிய வண்டியின் அந்த ஐந்து பேரில் ஒருவர்