இடம்பெயர்ந்தவர்கள் எல்லாம் சந்தேக நபர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த போர்த் தொழில்நுட்பக் கட்டுரையை வாசித்தேன். செயற்கை நுண்ணறிவு வந்தபின் குண்டு குறி தப்பாது, அதனால் பொதுமக்களுக்குச் சேதம் குறையும் என்கிறார் கட்டுரையாளர். குறி தப்பாது, சரி. அந்தக் குறியை எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதை அவர் தொடவே இல்லை.

காசாவில் யாரைக் குறிவைக்கலாம் என்று பெயர் எடுத்துக் கொடுக்க இஸ்ரேலிய இராணுவம் பயன்படுத்திய ‘லாவெண்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி பற்றி 2024 ஏப்ரலில் ‘+972’ இணைய சஞ்சிகை எழுதியது. அந்தக் கருவி 37,000 பேர் வரை போராளிகள் என்ற சந்தேகத்தில் குறித்ததாம். ஒரு பெயரைச் சரிபார்க்க அதிகாரி எடுத்தது சுமார் 20 வினாடி, அதுவும் ஆள் ஆணா என்று பார்க்கத்தான். பத்தில் ஒரு பெயர் பிழையாக இருக்கும் என்று தெரிந்தே செய்தார்களாம். அது வெறும் தரவுத்தளம்தான் என்கிறது இராணுவம்.

என்னை உறுத்தியது வேறொன்று. இப்படியான கருவிக்கு ஒருவரைச் சந்தேகிக்க உதவும் அடையாளங்களாக அதே செய்தி சொல்பவை: அடிக்கடி முகவரி மாற்றுவது, கைத்தொலைபேசி மாற்றுவது, போராளி ஒருவருடன் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பது. இதை 2009 இறுதிப் போர்க்கால வன்னியில் வைத்துப் பாருங்கள். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஓடிய சனத்தில் முகவரி மாறாத குடும்பம் எது? புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கொண்டுபோன காலத்தில் இயக்கத்தோடு தொடர்பில்லாத வீடுதான் எது? ஷெல் வரும்போது பங்கருக்குள் ஏற்கெனவே இருப்பவர் யாரென்று விசாரித்துவிட்டா இறங்கினோம்?

தகவல் போதாமல் நடந்த அழிவும் அல்ல அது. ‘வண்டு’ என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் நாள் முழுக்கத் தலைக்குமேல் இரைந்துகொண்டே நின்றது. ஆஸ்பத்திரிகள் இருந்த இடங்கள் இலங்கை இராணுவத்துக்குத் தெரிந்தே இருந்தன. அப்படியும் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீதும் சனத்துக்கென்று அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மீதும் ஷெல் விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை சொல்கிறது. கண் கூர்மையானால் கை அடங்கும் என்று எங்களிடம் யாரும் சொல்ல வரவேண்டாம்.

தானாகவே சுடும் ஆயுதங்களுக்கு 2026க்குள் சர்வதேசச் சட்டம் வேண்டும் என்று ஐ.நா. செயலாளர் நாயகமும் செஞ்சிலுவைக் குழுத் தலைவரும் 2023இல் கூட்டாகக் கேட்டார்கள். நல்லது. ஆனால் லாவெண்டர் சுடுவதில்லை. பெயரை எழுதிக் கொடுக்கிறது, சுடுவது மனிதன். அப்படியென்றால் அது அந்தச் சட்டத்துக்குள் வருமா? பெயர் பிழையானால் யார் பொறுப்பு? கட்டுரையாளர் தன் தொடரின் அடுத்த பகுதியில் இதை எழுதினால் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர்,
விசுவமடு.