"கழுத்து எலும்பு தேய்மானம்" என்று எழுதுவதற்கு முன்: மதுரை மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

மார்பகத்தின் பாரம் தாங்காமல் உங்களிடம் வருகிற பெண், மார்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "பிடரி இழுக்குது டாக்டர்", "ரெண்டு தோளும் கழண்டு விழுற மாதிரி இருக்கு", "சுண்டு விரல் மரத்துப் போகுது" என்பார். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுப்பீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு அதில் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். சீட்டில் அது ஏறிவிடும், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை ஐந்து நாளைக்கு என்று எழுதப்படும். தீர்ந்ததும் அவரே மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வார். ஆண்டுக்கணக்கில் அந்த மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். பாரம் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது, வெளிநோயாளி வரிசையிலேயே இந்தப் பெண்ணை அடையாளம் காண வேண்டும் என்பதுதான். மார்பகக் குறைப்பு அறுவைச் சிகிச்சை அழகுக்காக மட்டும் செய்யப்படுவது என்று நினைத்து, நம்மில் பலர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவராக எடுக்கவும் வாய் வராது.

அடையாளம் காண ஐந்து நிமிடம் போதும். செவிலியர் உடனிருக்க, திரைக்குப் பின்னால், ஜாக்கெட்டைத் தளர்த்திவிட்டுத் தோளைப் பாருங்கள். உள்பாடியின் பட்டை அழுத்தி அழுத்தி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். சிலருக்கு அந்த இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருக்கும். தோள் முன்னால் வளைந்து, மேல்முதுகு கூன் போட்டிருக்கும். மார்பைத் தூக்கி அடிமடிப்பைப் பாருங்கள். அங்கே ஈரமும், சிவந்த அல்லது கறுத்த படையும், சில சமயம் வெடிப்பும் இருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வயலிலோ சித்தாள் வேலையிலோ நிற்கிற பெண்ணுக்கு அது புண்ணாகி நாற்றமெடுக்கும். அந்த நாற்றத்துக்கு அஞ்சியே அவர் நாலு பேர் நடுவில் உட்காரத் தயங்குவார். பிறகு ஒரு கேள்வி: "இரண்டு கையாலும் மாரைத் தாங்கிப் பிடித்தால் தோள் லேசாகிறதா?" பலர் அழுதுவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சுண்டு விரல் மரப்பதற்கும் காரணம் உண்டு. தோள் கீழிறங்கி முன்னால் வளையும்போது, கைக்குப் போகும் நரம்புகள் காறை எலும்புக்குப் பக்கத்தில் அழுந்தலாம். இனிப்பு நோய், வைட்டமின் பி12 குறைவு, கழுத்து வட்டுக் (டிஸ்க்) கோளாறு இவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். அவற்றோடு தோளையும் பாருங்கள் என்கிறோம்.

"உடம்பைக் குறைம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லி அனுப்புவது பாதி சரி. மார்பகத்தில் கொழுப்பும் உண்டு, சுரப்பித் திசுவும் உண்டு. சுரப்பி அதிகமாக உள்ளவருக்கு எடை குறைந்தாலும் மார்பு அதிகம் குறையாது, தோல்தான் தொங்கும். ஒல்லியான பெண்களுக்கும் பதின்ம வயதுப் பெண்களுக்கும் இந்தத் தொல்லை வருவது அதனால்தான். மார்பு பாரமாக இருக்கிற பெண்ணால் ஓடவோ வேகமாக நடக்கவோ முடிவதில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். உடல் நிறை குறியீடு 30-க்கு மேல் இருந்தால் தையல் பிரிவது, சீழ் பிடிப்பது அதிகம் என்பதால் முதலில் எடையைக் குறைக்கச் சொல்வது நியாயம்தான். ஆனால் எதற்காகக் குறைக்கச் சொல்கிறோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: களிம்பு, தைலம், உருவுதல், மாத்திரை எதுவும் மார்பைக் குறைப்பதில்லை. அதற்குக் காசு கொட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லலாம்.

அனுப்புவதற்கு முன் உங்கள் நிலையத்திலேயே செய்யக்கூடியவை உண்டு. அகலப் பட்டையுள்ள, அளவு சரியான உள்பாடி. மேல்முதுகுக்கும் தோளுக்கும் இயன்முறைப் பயிற்சி. மடிப்புப் படைக்கு க்ளோட்ரிமசோல் களிம்பு, குளித்ததும் ஈரம் ஒற்றி எடுத்து மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைப்பது. பவுடர் வேண்டாம், வியர்வையில் ஊறிக் கட்டி தட்டித் தோலை அறுக்கும். மூன்று முதல் ஆறு மாதம் இதைச் செய்து, ஒவ்வொரு முறையும் தேதியோடு சீட்டில் எழுதுங்கள். இந்த எழுத்துதான் பின்னால் அவருக்குக் கை கொடுக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (IRDAI) மருத்துவக் காப்பீட்டுக்கு வகுத்த பொது விலக்குகளில், அதாவது பணம் தராத இனங்களில், 8-வது, பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது என்கிறது. ஆனால் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் அவசியச் சிகிச்சை என்று மருத்துவர் சான்றளித்தால் அதற்கு விதிவிலக்கும் அதிலேயே இருக்கிறது. கையில் பதிவு இல்லாத பெண்ணுக்கு அந்த விதிவிலக்கு இருந்தும் பயனில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர், சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுவது நல்லது.

உயரமும் எடையும் கட்டாயம் எழுதுங்கள். ஒரு பக்கம் 500 கிராமாவது எடுத்தால்தான் அதை அழகுக்கானது அல்ல, சிகிச்சை என்று ஒப்புக்கொள்வோம் என்ற பழைய அளவுகோல் நம் ஊர்ப் பெண்களுக்குப் பொருந்தாது. 150 சென்டிமீட்டர் உயரமும் 55 கிலோ எடையும் உள்ளவரின் உடல் பரப்பு ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர். உடல் பரப்புக்கு ஏற்ப எடுக்க வேண்டிய திசுவின் எடையைச் சொல்லும், 1991-ல் வெளிவந்த ஷ்னர் அளவையில் அந்தப் பரப்புக்கு உரிய எடை பக்கத்துக்கு 260 கிராம். சிறிய உடம்புக்குச் சிறிய பாரமே போதும், முதுகு ஒடிய.

இனி அந்தப் பெண் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகள்.

"என்ன செய்வாங்க?" முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம். மயக்கத்துக்கு முன்பே, அவரை நிமிர்ந்து நிற்க வைத்தோ உட்கார வைத்தோ பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்து கணக்கு தப்பிவிடும். கொழுப்பு, சுரப்பி, மிஞ்சின தோல் மூன்றையும் எடுத்து, காம்பை மேலே ஏற்றி வைப்பார்கள். காம்பை வெட்டி ஒட்டுவதில்லை. ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகிற ஒரு திசுத் தண்டோடு சேர்த்தே நகர்த்துவார்கள். மிகப் பெரிய மார்புள்ள சிலருக்கு மட்டும் தோல் ஒட்டுபோலக் காம்பைத் தனியாக எடுத்து வைக்க நேரும். அவர்களுக்கு அங்கே பழைய உணர்ச்சியும் இருக்காது, பாலும் வராது. தழும்பு காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, பெரும்பாலும் அடிமடிப்பில் நங்கூரம்போல இன்னொரு கோடு. எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும், ஏனென்றால் அரிதாக அதில் புற்று ஒளிந்திருக்கும். நாற்பது வயதானவர்களுக்கு முன்கூட்டியே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துவிடுவது இதற்காகத்தான்.

"பிள்ளைக்குப் பால் குடுக்க முடியுமா?" பலரால் முடியும், சிலருக்குப் போதிய அளவு சுரக்காது, யாருக்கும் உத்தரவாதம் தர முடியாது. சீக்கிரம் பிள்ளை பெற நினைப்பவர் அதை முடித்துவிட்டு வருவது நல்லது. கர்ப்பத்தில் மார்பு மீண்டும் பெருக்கலாம். பால் மறந்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இளம்பெண் என்றால் ஓராண்டாவது அளவு மாறாமல் நிலைத்திருக்க வேண்டும்.

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?" 18 வயது நிறைந்த, தானே முடிவெடுக்கும் நிலையில் உள்ள பெண்ணின் ஒப்புதல் அவருடையது மட்டுமே. நோயாளிக்குப் பதிலாக அவருடைய தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கணவரையும் மாமியாரையும் உட்கார வைத்து விளக்குங்கள், ஆறு வாரம் வீட்டு வேலையை அவர்கள்தானே பார்க்க வேண்டும். ஆனால் அனுமதி கேட்டு அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

தயாரிப்பில் உங்கள் கையில் இருப்பது நிறைய. ஹீமோகுளோபின் 10-க்கு மேல் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7 பக்கம் இருந்தால் நிம்மதி. வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்று கேளுங்கள். "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பார், இடுப்பில் பொட்டலம் இருக்கும். வாயில் அடக்கினாலும் நிகோட்டின் நிகோட்டின்தான். நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தோல் ஓரத்தையும் காம்பையும் கருக வைக்கும். முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் விட்டே தீர வேண்டும். காது, மூக்குக் குத்திய இடத்தில் கட்டிபோலத் தழும்பு வளர்ந்ததா என்றும் பாருங்கள். வளர்ந்திருந்தால் இங்கேயும் வளரக்கூடும். மறைக்காமல் சீட்டில் எழுதுங்கள்.

பிந்தைய நாட்கள்: மருத்துவமனையில் ஓரிரு நாள். முதல் வாரம் வலியைவிட இறுக்கமும் வீக்கமும்தான் அதிகம். தலையைச் சற்று உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். முன்பக்கம் கொக்கி உள்ள, கம்பி இல்லாத தாங்கு உள்பாடி ஆறு வாரம் இரவும் பகலும். வசதிப்பட்டால் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் நாள் பார்க்கச் சொல்லுங்கள், சித்திரை வெயிலில் அது பெரிய அவதி. உட்கார்ந்து பூக் கட்டுவது போன்ற வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். வயல், கட்டட வேலை, நூறு நாள் வேலைக்கு ஆறு வாரம். "பாரம் தூக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. நிறைந்த தண்ணீர்க்குடம் 12 முதல் 15 கிலோ, நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோ பக்கம், இடுப்புக் குழந்தை 8, 10 கிலோ. அவருக்கு அனுமதி இரண்டு கிலோதான். டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் ஒரு மாதத்துக்குக் கூடாது.

தழும்பு மூன்று முதல் ஆறு மாதம் வரை சிவந்து தடித்திருக்கும், ஒன்று ஒன்றரை வருடத்தில் மங்கும், மறையாது. காயம் முழுதாக மூடியபின் சிலிக்கான் பட்டையை நாளில் 12 மணி நேரமாவது, மூன்று மாதம் ஒட்டலாம். காம்பில் உணர்ச்சி குறைவது சகஜம். பெரும்பாலானோருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. கழுத்து பாரம் இறங்கியதைப் பலர் முதல் வாரத்திலேயே சொல்வார்கள்.

எது தவறினாலும் முதலில் உங்களிடம்தான் வருவார். முதல் சில நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல்லாக வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. காம்பு ஊதாவாகக் கறுத்தால் ரத்த ஓட்டம் தடைபடுகிறது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டி என்றே எண்ணுங்கள். இந்த மூன்றுக்கும் காத்திருக்கக் கூடாது, 108-ல் ஏற்றுங்கள். காய்ச்சலும் சிவப்பும் சீழும் பெரும்பாலும் முதல் வாரத்துக்குப் பிறகு வரும்.

மிகச் சாதாரணமாக நடப்பது, காம்பிலிருந்து இறங்கும் கோடும் அடிமடிப்புக் கோடும் சந்திக்கிற அடிமுனையில் தையல் பிரிவது. இழுவிசை அங்கேதான் அதிகம், ரத்த ஓட்டமோ அங்கேதான் குறைவு. பொட்டு அளவு, சில சமயம் ஒரு ரூபாய் அகலம் திறக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், வீட்டில் "இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்பார்கள். மறுபடி தைக்க வேண்டாம். சலைன் விட்டுக் கழுவி, ஈரம் காக்கும் கட்டுப் போட்டால் இரண்டு முதல் ஆறு வாரத்தில் தானாக மூடும். மஞ்சளோ பவுடரோ வைக்க விடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் பெரும்பாலும் அது செத்த கொழுப்பு. ஆனாலும் ஸ்கேன் செய்யாமல் அப்படி முடிவு கட்ட வேண்டாம்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது, உங்கள் பரிந்துரைச் சீட்டை அங்கே எழுதலாம். அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பியவரின் கட்டு மாற்றும் வேலையை மட்டும் உங்கள் நிலையத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறாத தையலோடு ஒருநாள் விட்டு ஒருநாள் பேரையூரிலிருந்து மதுரைக்கு நின்றுகொண்டே வருகிற பயணம் அந்தத் தையலைப் பிரிக்கும்.

இப்படிக்கு,
இந்தச் சிகிச்சையிலும் அதற்குப் பிந்தைய பராமரிப்பிலும் பணிபுரிகிறவர்கள்,
மதுரை