மடகாஸ்கர் என்றால் லெமூர் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மடகாஸ்கரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குரங்குகளுக்கு உறவான லெமூர் என்னும் விலங்குகளோடும் பாவோபாப் மரங்களோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பகுதியிலிருந்து பிரிந்து தனித்துப்போன அத்தீவில், கிழக்குச் சரிவில் மழைக்காடும், மேற்கில் இலையுதிர் காடும், தெற்கே வேறெங்கும் காணக்கிடைக்காத முட்காடும் உள்ளன. அம்முட்காட்டில், தண்டு முழுதும் முள் அடர்ந்த மரங்களுக்கிடையே சிஃபாக்கா என்னும் வெண்ணிற லெமூர் காயமின்றித் தாவிச் செல்வது வியப்புக்குரியது. இரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் மருந்தைத் தரும் நித்தியகல்யாணியும், நம் சாலையோரங்களில் அதை யார் பொருட்படுத்துகிறார்கள், அத்தீவைத் தாயகமாகக் கொண்ட செடிதான். காடெரித்துப் பயிரிடுவதாலும் கரிக்காக மரம் வெட்டுவதாலும் அவ்வனங்கள் சுருங்கிவருகின்றன. அதற்கு ஏழை உழவர்களை மட்டும் குற்றம் சொல்வது முறையன்று. முட்காட்டைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்