சொல் வரலாற்று வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதும் ஆங்கிலச் சொற்களின் வரலாற்றையே எடுத்துக்கொண்டோம். மாதக் கூட்டங்கள் கால வரிசையில் நடந்தன. கூடவே, ஒரு சொல்லையும் அது வரும் மேற்கோளையும் குறித்துவைக்கும் சொல் அட்டை எழுதும் வேலையும் நடந்தது. ஒரு சொல்லுக்கு மூலம் சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது என்று தொடக்கத்திலேயே விதி வகுத்துக்கொண்டோம். அந்தச் சொல் முதலில் எந்த ஆண்டில், என்ன வடிவில் எழுத்தில் கிடைக்கிறது? ஒலி மாறியதாகச் சொல்கிறீர்களே, அதே மாற்றம் அதே காலத்துப் பிற சொற்களிலும் உண்டா? சொல்லைக் கொண்டுவந்தவர் யார், எந்த வழியாக? ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அட்டை நிலுவைப் பெட்டிக்குப் போய்விடும். இந்த விதியைத் தளர்த்தாமல் காத்ததே ஆண்டின் முக்கியமான பணி என்று கருதுகிறேன்.

மாதக் கூட்டங்கள்

பழைய ஆங்கிலத்தில் தொடங்கினோம். பீட் என்ற துறவி 449 என்று குறிக்கும் ஆண்டையொட்டி ஆங்கிள், சாக்சன், ஜூட் இனத்தார் பிரிட்டனில் குடியேறினார்கள். வரும்போதே அவர்கள் பேச்சில் ரோமானியரிடம் பெற்ற லத்தீன் சொற்கள் இருந்தன. வைன், சீஸ், ஸ்ட்ரீட், சுவரைக் குறிக்கும் வால் எல்லாம் அப்படி வந்தவை. 597இல் அகஸ்டின் என்ற துறவி கென்ட் பகுதிக்கு வந்து கிறித்தவம் பரவியபின் பிஷப், பலிபீடத்தைக் குறிக்கும் ஆல்டர் போன்ற திருச்சபைச் சொற்கள் சேர்ந்தன. மண்ணின் பழைய கெல்டிக் மொழியிலிருந்து வந்தவை மிகக் குறைவு. அவையும் பெரும்பாலும் ஆற்றுப் பெயர்கள், இடப் பெயர்கள். ஏவன் என்ற ஆற்றின் பெயருக்கு வேல்ஸ் மொழியில் ஆறு என்றே பொருள்.

அடுத்தது வைக்கிங்குகள், அதாவது டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து கடல்வழி வந்தவர்கள். 865இல் பெரும்படை வந்திறங்கியது. 878இல் மன்னர் ஆல்ஃபிரட் எடிங்டனில் வென்ற பிறகு, டேனியத் தலைவர் குத்ரமுடன் உடன்பாடு ஏற்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் டேனியர் நிலைத்துவிட்டார்கள். இரு மொழிக்காரர்களும் அக்கம்பக்கமாக வாழ்ந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், வந்த சொற்களும் வீட்டுச் சொற்களாகவே இருக்கின்றன: விண்டோ, நைஃப், ஸ்கின், ஹஸ்பண்ட், டேக். தே, தெயர், தெம் ஆகிய பிரதிப்பெயர்களும் அந்த வழியில் வந்தவையே. ஒரு மொழி பிரதிப்பெயரையே கடன் வாங்குவது அரிது. உறவு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒலிச் சோதனை ஒன்று பயன்பட்டது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க்' என்ற ஒலி 'ஷ்' ஆகிவிட்டது. ஷிப், ஃபிஷ், ஷர்ட் அப்படிப்பட்டவை. வைக்கிங்குகளின் மொழியில் அது மாறவில்லை. ஆகவே ஸ்கை, ஸ்கின், ஸ்கர்ட் அங்கிருந்து வந்தவை என்று தெரிகிறது. ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரே ஜெர்மானியச் சொல்லின் இரண்டு வடிவங்கள். ஆனால் 'ஸ்க்' என்று தொடங்குவதையெல்லாம் வைக்கிங் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஸ்கூல் லத்தீன் வழி வந்தது, ஸ்கிப்பர் டச்சு மொழியிலிருந்து வந்தது. அட்டை எழுதுவோர் அடிக்கடி வழுக்கும் இடம் இது.

வந்த சொல் உள்ளூர்ச் சொல்லை ஒரே நாளில் விரட்டிவிடுவதில்லை. இங்கிலாந்தில் அச்சுக்கூடத்தை நிறுவிய கேக்ஸ்டன், 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதை எழுதிவைத்திருக்கிறார். தேம்ஸில் காற்றில்லாமல் நின்ற கப்பலிலிருந்து கரையேறிய வணிகர் ஒருவர், ஒரு வீட்டுக்காரம்மாவிடம் 'எக்ஸ்' இருக்கிறதா என்று முட்டை கேட்கிறார். அந்த அம்மா தனக்கு ஃபிரெஞ்சு தெரியாது என்கிறார். வணிகருக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அவருக்கும் ஃபிரெஞ்சு தெரியாது. உடனிருந்தவர் 'ஐரன்' வேண்டும் என்று சொன்ன பிறகே அந்த அம்மாவுக்குப் புரிகிறது. எக் வைக்கிங் சொல், ஐரன் பழைய ஆங்கிலச் சொல்லின் பன்மை. வைக்கிங்குகள் குடியேறி அறுநூறு ஆண்டுகள் ஆகியும் தெற்கே பழைய சொல் உயிரோடிருந்தது. எந்த வடிவத்தில் அச்சிடுவது என்பதே கேக்ஸ்டனின் கவலை. எக் நிலைத்ததில் அச்சுக்கும் பங்குண்டு.

நார்மன் காலத்துக்கு மட்டும் கூடுதல் கூட்டம் தேவைப்பட்டது. 1066இல் வடக்கு ஃபிரான்ஸின் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு அரசவை, நீதிமன்றம், மேல்தட்டு எல்லாம் ஃபிரெஞ்சு பேசின. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362இல் வந்த சட்டமே ஃபிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. ஜட்ஜ், ஜூரி, கோர்ட், பிரிசன், கவர்ன்மென்ட் எல்லாம் அந்த வழி. பசு மேய்ச்சலில் கௌ, இலையில் பீஃப் என்று பள்ளிகளில் சொல்லித்தரும் விளக்கத்தைப் பற்றி ஒரு திருத்தம்: மூலம் சரி, ஆனால் பிரிவினை அவ்வளவு சுத்தமாக உடனே நடக்கவில்லை. பீஃப், மட்டன் இரண்டும் பல நூற்றாண்டுகள் உயிருள்ள விலங்கையும் குறித்தன.

ஃபிரெஞ்சுச் சொல் எப்போது வந்தது என்பதை உச்சரிப்பே ஓரளவு காட்டிவிடும். பழைய ஃபிரெஞ்சில் அழுத்தமான 'ச்ச' ஒலி பின்னர் 'ஷ' ஆயிற்று. எனவே ச்சீஃப், ச்சேம்பர், ச்சேஞ்ச் முன்பே வந்தவை. மெஷின், ஷெஃப் பின்னால் வந்தவை. சீஃபும் ஷெஃபும் ஒரே சொல், வந்த காலம்தான் வேறு. ஜென்ட்டில், ஜென்டீல், ஜாண்டி மூன்றும் ஒரே ஃபிரெஞ்சுச் சொல் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வந்ததன் விளைவு.

இடத்தையும் கண்டுபிடிக்கலாம். வடக்கு ஃபிரான்ஸின் பேச்சில் சொல்லின் தொடக்கத்தில் 'வ' நின்ற இடத்தில் பாரிஸ் பக்கம் 'க' ஒலித்தது. நார்மன்கள் வழி வார்டன் வந்தது, பிறகு பாரிஸ் வழி கார்டியன் வந்தது. வாரண்டியும் கேரண்டியும் அப்படியே. கடையில் பில்லைக் காட்டி 'வாரண்டியா, கேரண்டியா?' என்று நாம் கேட்கும் இரண்டும் ஒரே வேரின் இரு கிளைகள். இந்த ஆண்டு எழுதிய அட்டைகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தவை இந்த இரண்டும். ஆண்டு, ஒலி, வழி மூன்றும் ஐயமின்றி அமைந்தவை.

மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன், கிரேக்கச் சொற்கள் வெள்ளமாக வந்தபோது எழுந்த சண்டை நம் தனித்தமிழ் விவாதத்தை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. சர் ஜான் சீக் என்ற அறிஞர் 1557இல் எழுதிய கடிதத்தில், நம் மொழி கலப்பின்றித் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்று வாதிட்டார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது பித்தனைக் குறிக்கும் லூனட்டிக் என்பதற்கு 'மூன்ட்', நூறு வீரர்களின் தலைவனைக் குறிக்கும் செஞ்சூரியன் என்பதற்கு 'ஹண்ட்ரடர்' என்று மூன் (நிலா), ஹண்ட்ரட் (நூறு) ஆகிய சொந்த வேர்களிலிருந்து ஆக்கிப் பார்த்தார். நல்ல ஆக்கங்கள், ஆனால் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. 1553இல் தாமஸ் வில்சன் படாடோபமான லத்தீன் சொற்களை அடுக்கி ஒரு கேலிக் கடிதம் எழுதினார். அதிலிருந்த செலிபிரேட், டெக்ஸ்டெரிட்டி, கெப்பாசிட்டி இன்று சாதாரணச் சொற்கள், அதே கடிதத்தின் 'ஃபேட்டிகேட்' போய்விட்டது. எது நிற்கும் என்பதைப் பயன்படுத்துவோர் முடிவு செய்தார்கள், புலவர்கள் அல்ல. அதே காலத்து லத்தீன் பற்று எழுத்திலும் கைவைத்தது. கடனைக் குறிக்கும் டெட், டவுட் இரண்டிலும் ஒலிக்காத 'பி' எழுத்து லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பின்னர் செருகப்பட்டது.

சொல்லாக்க முறைகளுக்கு ஒரே கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது. ஆம்னிபஸ் வெட்டுண்டு பஸ் ஆனது, எடிட்டரிலிருந்து எடிட் பின்னோக்கிப் பிறந்தது, 1880இல் அயர்லாந்தில் ஊரே ஒதுக்கிவைத்த நில நிர்வாகியின் பெயரே பாய்காட் ஆனது ஆகியவற்றைப் பார்த்தோம். பிரிக்கும் இடம் பிசகியதற்கு ஏப்ரன் நல்ல எடுத்துக்காட்டு. அது முன்பு 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்பதை 'அன் ஏப்ரன்' என்று காதில் வாங்கியதால் முதல் எழுத்தை இழந்தது.

சொல் அட்டைகள்

லண்டன் மொழியியல் கழகத்துக்காக அகராதிப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879இல் பொதுமக்களுக்கு விடுத்த வேண்டுகோளில் சொன்ன முறையையே பின்பற்றுகிறோம். இடது மேல் மூலையில் சொல். அதன் கீழே ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். பிறகு சொல் வரும் வாக்கியம் முழுவதும், எழுத்துக்கூட்டலை மாற்றாமல். அட்டையின் அளவு 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். ஒரு அட்டைக்கு ஒரு சொல், ஒரு பொருள், ஒரு மேற்கோள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இப்படி அனுப்பிய சீட்டுகளைக் கொண்டுதான் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 1884இல் பகுதி பகுதியாக வரத்தொடங்கி 1928இல் நிறைவுற்றது. சீட்டுகள் இடம் மாறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அடிமைப் பெண்ணைக் குறிக்கும் பாண்ட்மெய்ட் என்ற சொல் சாட்சி. அதன் சீட்டுகள் தவறிப்போனதால் முதல் பதிப்பில் இடம்பெறாமல் 1933 துணைத் தொகுதியில்தான் சேர்ந்தது. எனவே அட்டைகளை எழுதிய அன்றே பெட்டியில் அகர வரிசையில் வைத்துவிடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அட்டைகள் திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, நூலை எழுதிய ஆண்டுக்குப் பதில் கையிலிருக்கும் மறுபதிப்பின் ஆண்டைப் போடுவது. கவிஞர் சாசர் 1400இல் இறந்தவர். அவர் மேற்கோளுக்குப் பின்னாளைய அச்சு ஆண்டு போட்டால் வரிசையே குலைந்துவிடும். இரண்டாவது, பழைய பொருளைக் கவனிக்காமல் விடுவது. இன்று மானைக் குறிக்கும் டீர் என்பது பழைய ஆங்கிலத்தில் விலங்கு எதையும் குறிக்கும், மீட் என்றால் உணவு, நைஸ் என்றால் முதலில் அறியாதவன். மூன்றாவது, முதல் சான்றின் ஆண்டைச் சொல்லின் பிறந்த ஆண்டாக எண்ணிவிடுவது. ஷேக்ஸ்பியர் 1,700 சொற்களைப் படைத்தார் என்று சுற்றும் செய்தியின் அடிப்படை இதுதான். அகராதிக்குச் சீட்டு எழுதியவர்கள் ஷேக்ஸ்பியரை வரி விடாமல் படித்தார்கள், மற்றவர்களை அப்படிப் படிக்கவில்லை. 1475 முதல் 1700 வரை அச்சான நூல்கள் மின்வடிவில் தேடக்கூடியதாக வந்தபின் அந்த 1,700இல் பல சொற்களுக்கு முந்தைய சான்று கிடைத்துவிட்டது.

நிலுவைப் பெட்டி

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதாகச் சொல்லப்படும் சொற்களே இதில் அதிகம். ஆர்வம் புரிகிறது, ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். 'எய்ட்' என்பது எட்டு என்ற அட்டையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பக்கம் பின்னோக்கிப் போனால் பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்த', ஜெர்மனில் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஆக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. நடுவில் ஒரு ககர வகை ஒலி இருந்திருக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் 'ஜிஎச்' அதன் எச்சம். தமிழ்ப் பக்கம் எண்பது, எண்ணூறு, கன்னடத்தில் 'எண்டு'. இங்கே வேர் எண், நடுவில் ணகரம். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றனவே தவிர நெருங்கவில்லை. அட்டை தள்ளுபடி.

கேஷ் அட்டை பாதி நின்றது. பணம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் ஃபிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஆனால் சிறு நாணயத்தைக் குறித்த இன்னொரு கேஷ், காசு என்ற தமிழ்ச்சொல் போர்த்துகீசியர் வாய்வழி போனது. சென்னையில் 1818 வரை 80 கேஷ் பணம் என்ற ஒரு நாணயம், 42 பணம் நட்சத்திரப் பகோடா என்ற ஒரு பொன் நாணயம். இரண்டுக்கும் தனித்தனி அட்டை போட்டாயிற்று.

ஐயமின்றி நிற்பவையும் உண்டு. கட்டுமரத்தைப் பற்றி ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697இல் வெளியிட்ட கடற்பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்டதாகவே எழுதுகிறார். இன்று ஆங்கிலத்தில் அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிப்பது பின்னால் வந்த பொருள். சுருட்டு ச்செரூட் ஆனது, மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆனது. ஜிஞ்சர் இன்னும் பழையது. பாலி, கிரேக்கம், லத்தீன் எனப் பல கைமாறிப் பழைய ஆங்கிலத்திலேயே 'ஜிஞ்சிஃபர்' என்று இருக்கிறது. அதன் முற்பகுதி இஞ்சி, பிற்பகுதி வேர் என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

நியூஸ் என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து, சர்லாயின் ஒரு மன்னர் பட்டம் சூட்டிய இறைச்சி என்ற அட்டைகளும் தள்ளுபடி. முதலாவது நியூ என்பதன் பன்மை. இரண்டாவதில் 'சர்' என்பது 'மேல்' என்று பொருள்படும் ஃபிரெஞ்சு முன்னொட்டு.

நூலகம், கணக்கு, வரும் ஆண்டு

யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியான ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சன் நமது அலமாரியில் சேர்ந்திருக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். நூல் வெளிவருமுன் 1882இல் காலமானார். தென்னிந்தியச் சொற்களுக்கு அட்டை எழுதுவோர் முதலில் இதைப் பார்க்கவும், ஆனால் அதன் சொல்மூல விளக்கங்களை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் திருத்திய பதிவுகளோடு ஒப்பிடாமல் ஏற்க வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். கூட்டங்களுக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும், அட்டைகளைச் சரிபார்த்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பது: கப்பல், துணி, மசாலா வணிகம் வழியாக 1600 முதல் 1800 வரை ஆங்கிலத்தில் சேர்ந்த இந்தியச் சொற்கள். ஷால், பண்டானா முதலியவற்றில் தொடங்கலாம். நிலுவைப் பெட்டியில் அட்டை உள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் சான்றோடு திரும்பக் கொடுக்கவும். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்