விழுந்த சுத்தியலுக்கு அபராதம் போடாதீர்கள்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் கார்பன் இழைப் பாகங்கள் செய்யும் பட்டறை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பட்டறைகள் சிலவற்றில் 18 ஆண்டுகள் தரச் சோதனை செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பாகத்தின் மேல் கருவியைத் தவறவிட்டவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

அலுமினியத் தகட்டில் அந்த வழக்கத்தால் பெரிய கேடில்லை. அடிபட்ட இடம் குழிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் இழை அடுக்குகளை எபாக்சி என்ற பிசினால் ஒட்டிச் செய்த தகடோ வளைந்து கொடுத்து, பழையபடி நிமிர்ந்துவிடுகிறது. குழிந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும் இயல்பு அதற்கு இல்லாததால், பிசினில் விரிசலும் அடுக்குகளுக்கிடையே பிரிவுமாக உள்ளுக்குள்ளேயே உடைகிறது. 1 கிலோ சுத்தியல் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அடியின் ஆற்றல் ஏறக்குறைய 10 ஜூல். அடுக்குக்கு 0.125 மி.மீ. வீதம் 24 அடுக்குகள் கொண்ட 3 மி.மீ. தகட்டில், இழையின் திசை மாறும் இடங்களில் பிரிவு தொடங்கி, கீழே போகப்போக அகன்று, பின்புறத்தில் இழைகளே பிளந்திருக்கும்போதும், மேலே நகத்துக்குத் தட்டுப்படாத தழும்புதான் இருக்கக்கூடும். இழுத்தால் ஓரளவு தாங்கும். அமுக்கும்போதுதான் பிரிந்த அடுக்குகள் தனித்தனித் தாள்களாகப் பிதுங்கி மடங்குகின்றன. அமுக்க வலிமை பாதியாகக்கூடக் குறையலாம்.

சென்ற ஆண்டு ஒரு பட்டறையில், தருமபுரிப் பையன் ஒருவன் ஷிப்ட் முடிந்தபின் வந்து, "அண்ணே, அந்த மூலையைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னான். ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினேன். சுற்றிலும் 'டிங்' என்று ஒலித்தது, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் 'டொக்' என்றது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்ததை அல்ட்ராசோனிக் ஸ்கேனும் காட்டியது. மறுநாள் அவன் சம்பளத்தில் 500 ரூபாய் பிடித்தார்கள். அதன்பின் அங்கே எதுவும் விழுந்ததாக எவரும் சொன்னதில்லை.

கண்ணுக்குத் தெரியாத அடியையும் கணக்கில் கொண்டுதானே விமானப் பாகத்தை வடிவமைக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், ஆனால் வடிவமைப்பில் விடும் அந்தக் கூடுதல் வலிமை யாருக்குமே தெரியாமல் போன அடிக்கு உரியது, ஒருவனுக்குத் தெரிந்து அவன் வாயடைக்கப்பட்ட அடிக்கு அல்ல. மாதிரித் துண்டின் மேல் எடையைப் போட்டு, பிறகு அமுக்கிப் பார்க்கும், ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி7136, டி7137 சோதனைகளுக்குப் பணம் கட்டும் நீங்கள், உங்கள் மேசையிலேயே இலவசமாக நடந்துவிட்ட சோதனையை மட்டும் மறைக்க வைக்கிறீர்கள் (இதில் என்ன சிக்கனம் என்று எனக்கு விளங்கவில்லை).

ஒவ்வொரு மேசையிலும் ஒரு நோட்டு வையுங்கள். என்ன விழுந்தது, எவ்வளவு உயரம், எந்தப் பாகம், எந்த இடம் என்று எழுதினால் போதும், பெயர் வேண்டாம். அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு ஸ்கேனுக்கு அனுப்புங்கள். அந்தப் பையனின் 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதல் பக்கத்தைத் தொடங்கினால், மற்றவர்களும் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு தரச் சோதனையாளர், பெங்களூரு