ஈஸ்ட் ஹாம் மகதலேனா மரியாள் தேவாலயத் தமிழ்க் கையேடு: ஜூன் 30க்குள் இன்னும் 1,260 பவுண்டு

அன்புள்ள ஈஸ்ட் ஹாம் உறவுகளுக்கு வணக்கமும் தோத்திரமும்.

அச்சகம் தந்த விலை ஜூன் 30 வரைதான் செல்லும். அதற்குள் முழுப் பணமும் கட்டினால்தான் ஜூலை 22, புனித மகதலேனா மரியாளின் திருநாளன்று, அவர் பெயர் தாங்கிய நம் ஊர்த் தேவாலயத்தைப் பற்றிய தமிழ்க் கையேடு நம் கையில் இருக்கும். இன்னும் 1,260 பவுண்டு குறைகிறது.

எதற்கு இந்தக் கையேடு என்று கேட்பவர்கள், ஹை ஸ்ட்ரீட் சவுத்தில் ஏ13 சாலையோரம் மரங்களுக்குள் மறைந்து நிற்கும் அந்தக் கோயிலுக்குள் ஒருமுறை போய் வாருங்கள். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் ஆண்ட காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த கட்டடம் அது. சபையார் அமரும் கூடம், அதை அடுத்துப் பீடத்துக்கு முந்திய பகுதி, கிழக்குக் கோடியில் அரைவட்டமாக வளைந்த பீடம் என மூன்றும் அன்றைய அமைப்பிலேயே வரிசையாக இருக்கின்றன. இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் பிற்காலத்தவர் பெரும்பாலும் இந்த அரைவட்டத்தை இடித்துவிட்டுச் சதுரமாக நீட்டிக் கட்டிவிட்டார்கள். இங்கே யாரும் கை வைக்கவில்லை. ஊரில் அப்போது காசு புழங்கவில்லை போலும், நமக்கு அதுவே நல்லதாய்ப் போயிற்று.

பீடத்துக்கு முந்திய பகுதியின் சுவரைக் கிட்டே நின்று பாருங்கள். அரைவட்ட வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கூடை முடைந்ததுபோல் பின்னிக்கொண்டு போகும். இரண்டு அரைவட்டம் குறுக்கிடும் இடத்தில் நடுவே ஒரு கூர்வளைவு தானாகவே விழும். சில தலைமுறை கழித்து இந்நாட்டுத் தேவாலயங்களிலெல்லாம் அந்தக் கூர்வளைவுதான் ஆட்சிக்கு வந்தது.

அப்புறம் எட்மண்ட் நெவில் என்பவரின் நினைவுச் சின்னம். அவரும் மனைவி ஜேனும் முழங்காலிட்டபடி சிலையாய் இருக்கிறார்கள். 1569இல் முதலாம் எலிசபெத் அரசிக்கு எதிராக வட இங்கிலாந்துப் பிரபுக்கள் கிளர்ந்தபோது வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவின் பட்டம் பறிபோனது. அந்தப் பட்டம் தமக்கே உரியது என்று கடைசிவரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் இந்த நெவில்.

வெளியே, சுமார் 9 ஏக்கர் கல்லறைத் தோட்டத்தில், வில்லியம் ஸ்டூக்லி உறங்குகிறார். பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை அளந்து எழுதியவர். நியூட்டன் ஆப்பிள் விழுந்த கதையைச் சொன்னபோது பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரும் இவரே, ஆண்டு 1726. 1765இல் இறந்தார். தமக்குக் கல் எதுவும் நட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இடம் காட்ட அடையாளம் இல்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற ஆப்பிள் கதையைக் கேட்டு எழுதிவைத்தவர் நம் ஊர் மண்ணுக்குள் இருக்கிறார், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கணக்கு. 1,000 பிரதி அச்சிட 1,750 பவுண்டு. வாசலுக்கருகே தமிழில் ஓர் அறிமுகப் பலகை 250. தேவாலயப் பராமரிப்புக்கு நம் பங்கு 1,200. ஆக மொத்தம் 3,200. கையில் இருப்பது 1,940. எழுதியவர், படம் எடுத்தவர், மெய்ப்புப் பார்த்தவர் யாரும் ஒரு பென்னி வாங்கவில்லை.

பராமரிப்புக்கு ஏன் என்றால், இந்நாட்டில் இப்படிப்பட்ட கோயில்களைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தந்தச் சபையாருடையது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் வந்து கூரை, சுவர், மழைநீர்க் குழாய் என்று பார்த்துப் பட்டியல் கொடுப்பார். பட்டியலுக்குப் பணம் தேடுவது சபையின் பாடு.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கல்லாவுக்குப் பக்கத்தில் நம் உண்டியலை வைக்க இடம் தந்து, மீதிச் சில்லறையை அதில் போடச் சொல்லி வாடிக்கையாளரிடம் பேசிய மளிகைக்கடை அண்ணாவுக்கு. குளிரில் நின்று வடையும் ரோல்ஸும் விற்று 310 பவுண்டு சேர்த்துத் தந்த அம்மாமாருக்கு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தீனிக் காசை மிச்சம் பிடித்து 86 பவுண்டு கொண்டுவந்த சின்னவர்களுக்கு. 'சாமி எல்லாம் ஒண்டுதான் தம்பி' என்று சொல்லி, முருகன் கோயில் அர்ச்சனைக்குப் போகிற வழியில் நூறு பவுண்டைக் கையில் திணித்த ஐயாவுக்கு. கர்த்தர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். பொங்கல் கூட்டத்தில் 17 பேர் எழுந்து ஆளுக்கு 50 பவுண்டு தருவதாகச் சொன்னார்கள். கைதட்டினோம், பெயரும் எழுதினோம். ஐந்து பேர் தந்துவிட்டார்கள். மற்ற 12 பேரின் 600 பவுண்டு வந்தாலே பள்ளத்தில் ஏறக்குறையப் பாதி அடைந்துவிடும். பெயர்களைப் போட மாட்டோம், உங்களுக்கே தெரியும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடிக்கிற நமக்கு இது பெரிய தொகையில்லை. நாம் ஞாயிறு மாலை வாகனம் நிறுத்த இடம் தேடி அந்தத் தேவாலய மதிலைச் சுற்றியே எத்தனை வருடம் ஓடியிருக்கிறோம்!

ஐந்து பவுண்டும் பெரிதுதான். ரொக்கமாகக் குழு உறுப்பினரிடம் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். பராமரிப்புக்கு மட்டும் என்றால் தேவாலயத்திடமே நேரில் கொடுங்கள். இங்கே வருமான வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு அரசு வரிப்பணத்திலிருந்து கூட்டித் தரும் திட்டம்) படிவத்தில் கையெழுத்திட்டால் பவுண்டுக்கு 25 பென்ஸ் கூடுதலாகத் தேவாலயத்துக்குக் கிடைக்கும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் நன்கொடையாளர் பெயர் வரும். வேண்டாம் என்பவர்கள் ஜூன் 25க்குள் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர், ஈஸ்ட் ஹாம்