தலைமை தாங்க ஆளில்லாத கூட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் தமிழர்கள் நடத்தும் விழாக்களுக்கு முப்பது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை என எல்லாம் முறைப்படி முடிந்து, சொல்லவந்த பொருளைத் தொடும்போது மணி எட்டரையாகி, தொலைவிலிருந்து வந்தவர்கள் பேருந்தைப் பிடிக்க எழுந்துவிடுகிறார்கள். அந்த வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. நானும் இரண்டு பொன்னாடைகள் வாங்கியவன்தான். பாட்காஸ்ட் எனப்படும் இணைய ஒலித்தொடர், வலைப்பதிவு போன்றவற்றைச் செய்பவர்களுக்கு வேறு வகைக் கூட்டம் ஒன்று பயன்படும் என்பதையும், அதற்கு நம் சங்கங்கள் இடம் தரவேண்டும் என்பதையும் சொல்லவே இக்கடிதம்.

அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே நுழையக்கூடிய ‘ஃபூ கேம்ப்’ என்ற தொழில்நுட்பக் கூட்டத்துக்கு மாற்றாக, 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், யாரும் வந்து பேசக்கூடிய ‘பார்கேம்ப்’ தொடங்கியது. அடுத்த ஆண்டே அது பெங்களூருவுக்கும் வந்துவிட்டது. அதே முறையில் பாட்காஸ்ட் செய்பவர்களுக்கென்று கிறிஸ் புரோகனும் கிறிஸ்டோபர் பென்னும் 2006 செப்டம்பரில் பாஸ்டனில் ‘பாட்கேம்ப்’ நடத்தினார்கள். அந்த மாதத்திலேயே சென்னை டைடல் பூங்காவில் வலைப்பதிவர்களின் ‘பிளாக்கேம்ப்’ கூடியது. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வலைப்பதிவர்கள் தாங்களே முன்னின்று ஒரு பட்டறையை நடத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே இது நமக்குப் புதிதன்று.

இத்தகைய கூட்டத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, முன்கூட்டி அச்சிட்ட நிகழ்ச்சி நிரலும் இல்லை. காலையில் ஒரு சுவரில் அறைகளையும் நேரங்களையும் கட்டம் போட்டு வைத்திருப்பார்கள்; பேச விரும்புகிறவர் ஒரு சீட்டில் தலைப்பை எழுதிக் காலியான கட்டத்தில் ஒட்டிவிடலாம். அமர்வு பிடிக்கவில்லையென்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம். அதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. ‘இரு கால் விதி’ எனப்படும் இந்த ஏற்பாடு, ஹாரிசன் ஓவன் என்பவர் 1980-களில் வகுத்த, வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை அமைத்துக்கொள்ளும் ‘ஓப்பன் ஸ்பேஸ்’ முறையிலிருந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் நிறுவன வளாகத்தில் சனிக்கிழமையன்று நடந்த இப்படியொரு கூட்டத்துக்கு என் மகள் என்னை அழைத்துப்போனாள். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த என் தந்தையின் கூட்டாளிகள் சிலரின் பேச்சை அப்போது கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தேன். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டுவிட்டன; அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகள் ஆங்கிலத்தில் இருக்க, நான் ‘தங்கவயல் குரல்கள்’ என்று தமிழில் எழுதி ஒட்டினேன். வந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் இருவர் கன்னடர். பத்தாம் நிமிடத்தில் ஓர் இளைஞர் எழுந்து போனபோது எனக்குச் சுருக்கென்றது. பின்னர் நானே மதியம் ஓர் அமர்விலிருந்து நழுவியபோதுதான் அந்த விதியின் அருமை புரிந்தது.

மீதமிருந்த ஆறு பேரிடம் நான் கற்றதை எந்தச் சொற்பொழிவிலும் கற்றதில்லை. என் பதிவில் கேட்ட இரைச்சல் மின்விசிறியுடையது என்றும், துணிகள் தொங்கும் பீரோவைத் திறந்துவைத்து அதன் எதிரே பேசுபவரை உட்கார்த்தினாலே எதிரொலி பெருமளவு அடங்கும் என்றும் ஒரு கல்லூரி மாணவி சொன்னார். கேள்வி கேட்டபின் பெரியவர் யோசிக்கும் நேரத்தில் குறுக்கிடாமல் இருங்கள், அந்த மௌனத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று கன்னட நண்பர் ஒருவர் சொன்னார். அடுத்த முறை தங்கவயலுக்குப் போனபோது அப்படியே காத்திருந்தேன். பாறை வெடித்துச் சரிந்த ஓர் இரவைப் பற்றி, அதுவரை வீட்டில்கூடப் பேசாதிருந்த ஒருவர் பேசினார்.

கட்டணம் இல்லையே தவிர, இடம், மின்சாரம், தேநீர் ஆகியவற்றுக்கான செலவை யாரோ ஏற்கத்தான் வேண்டும். இதுவரை நான் போன கூட்டங்களில் அதை நிறுவனங்களே ஏற்றன. விளைவு, வாயிலில் அடையாள அட்டை, காவலாளியின் கேள்விகள், நகரின் கோடியில் ஒரு கண்ணாடிக் கட்டடம். தங்கவயலிலிருந்து ரயிலில் வரும் ஓய்வுபெற்ற தொழிலாளி அங்கே நுழையத் தயங்குவார். அவர் வராத கூட்டத்தில் தமிழ் ஒலிக்கவில்லையே என்று நாம் வருந்திப் பயனில்லை. நம் அமைப்புகளுக்கு இந்நகரில் கூடங்கள் இருக்கின்றன. விழா இல்லாத நாள்களில் அவை பூட்டியே கிடக்கின்றன. அப்படியொரு கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டுப் போனேன். மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் விண்ணப்பத்தில் ‘தலைமை’, ‘சிறப்பு விருந்தினர்’ என்ற இரண்டு இடங்களும் காலியாக இருந்ததால் அது மேற்கொண்டு நகரவில்லை. என் பெயரையே தலைமைக்குப் போட்டுவிடும்படி எழுத்தர் யோசனை சொன்னார். எனக்கு மனம் வரவில்லை.

கால் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, ஒரு கூடம், ஒரு கரும்பலகை, பத்து மின்செருகிகள் ஆகியவை போதும். தேநீருக்கு வருகிறவர்களே உண்டியலில் போட்டுவிடுவார்கள். கன்னட நண்பர்களும் வந்து அவரவர் மொழியில் சீட்டு ஒட்டட்டும். இக்கடிதத்தைப் படிக்கும் சங்கப் பொறுப்பாளர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அப்படியொரு கூட்டம் கூடி, ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதிக்கு அறிவிப்பு வந்தால், தலைமை தாங்குபவர் பெயர் இல்லை என்று அதை ஒதுக்கிவிடாமல், இடத்தையும் நேரத்தையும் மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு